நாற்காலியின் அகலம்

முதலில் டீயைக் குடித்துவிடுங்கள் ஐயா. நம் அலுவலகத்து டீ சூடாக இருக்கும்போதே சுமார்தான். ஆறிவிட்டால் வாயில் வைக்க முடியாது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எடைக்கற்களைப் பற்றித்தானே கேட்டீர்கள், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு படகுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் மாமியாரின் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது என் வேலை. என் வண்டியில் இருக்கும் ஐந்து கிலோ இரும்புக் கற்கள்தான் இந்த ஊர்க் கடைகளுக்கெல்லாம் மனசாட்சி. ஒவ்வொன்றின் தலையிலும் நம் அலுவலகச் சின்னம் பதிந்திருக்கும். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கடைக்காரர்கள் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. ஒரு வாழைப்பழம்கூட ஓசியில் தின்றதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற விஷயத்தைக் கேட்கும்போது நீங்கள் இதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மாமியாரை நான் முதன்முதலாகச் சந்தித்ததும் ஒரு தராசின் முன்னால்தான். ஏரிக்கு அக்கரையில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் தட்டைத் தூக்கி அடியில் தடவிப் பார்த்தேன். மெழுகு ஒட்டியிருந்தது. "அது தானா ஒட்டிக்கிச்சுங்க" என்றார். மெழுகு தானாக ஒட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பொருள் வைக்கிற தட்டாகப் பார்த்து ஒட்டும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. தராசைப் பறிமுதல் செய்து அபராதம் எழுதினேன். சீட்டை வாங்கிக்கொள்ள உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். அம்மா மாட்டிக்கொண்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அத்தை கல்யாணத்துக்குச் சம்மதித்தார், மன்னிக்கத்தான் இல்லை. ஊரில் எல்லா மாமியார்களும் மருமகனை "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார்கள். இவர் எனக்கு வைத்த பெயர் "தராசுக்காரர்". தராசுக்காரர் சாப்பிட்டாச்சா, தராசுக்காரருக்குக் காய்ச்சலாமே, தராசுக்காரர் குளிச்சா பாத்ரூம்ல சோப்பு மிஞ்சுமா. வாங்க போங்க என்றுதான் பேசுவார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. எனக்கு அது வலித்தது. அதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வயதாகி, முட்டி தேய்ந்து, கடையை மூடிய பிறகும் அவர் அக்கரையிலேயே இருந்தார். கடையில் உட்கார்ந்த அதே பிரம்பு நாற்காலியில்தான் இன்றும் உட்காருவார். அந்த நாற்காலியின் கைகள் இரண்டும் இரண்டு பக்கமும் விரிந்து, பார்க்க ஒரு கோழி இறக்கையை விரித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். வேறு எதில் உட்கார்ந்தாலும் அவருக்கு முட்டி வலி பின்னி எடுக்கும். அதனால் அவர் எங்கே போனாலும் நாற்காலியும் போக வேண்டும். ஏரியைச் சுற்றிக்கொண்டு காரில் வந்தால் பாதி நாள் ஆகும். வழியெல்லாம் வளைவு. அவருக்கு முதல் வளைவிலேயே வாந்தி ஆரம்பித்துவிடும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாக இருக்கும். அந்தப் பரிதாபம் வருடத்துக்கு ஒரு முறை என்பது சரியான அளவாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்.

"என்னங்க, நாம ஒரு மோட்டார் படகு வாங்கிட்டா என்ன? குறுக்கால போனா அம்மா வீடு அரை மணி நேரம்தான். நெனச்சா போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

நல்ல யோசனை என்றேன்.

"அம்மாவும் வாரத்துல நாலு நாள் இங்க வந்து இருந்துக்கலாம். தனியா கெடந்து என்ன பண்றாங்க. போன மாசம் வழுக்கி விழுந்ததுகூட மூணு நாள் கழிச்சுத்தான் நமக்குத் தெரிஞ்சுது."

அப்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் நான் மறைக்க விரும்பவில்லை. நல்ல யோசனை என்று இரண்டாவது முறையும் சொன்னேன். இரண்டு முறையும் ஒரே குரலில்தான் சொன்னேன்.

ஏன் என் வீட்டில் இருக்க வேண்டும், மகன் வீட்டில் இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். என் மைத்துனன் பல் டாக்டர். இந்த ஊரில்தான் இருக்கிறான். வீட்டின் முன்னறைதான் கிளினிக். அங்கே ஏற்கெனவே ஒரு நாற்காலி இருக்கிறது. அது படுக்கும், எழும், விளக்கெல்லாம் எரியும். இன்னொரு நாற்காலிக்கு அங்கே இடமில்லை. படகுச் செலவில் பாதி அவனுடையது என்று முடிவாயிற்று. படகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எல்லாருக்கும் என்று முடிவாயிற்று. அதில்தான் வினை வந்தது.

ஏரிக்கரைப் படகுப் பட்டறைக்காரரிடம் விற்பனைக்கு இரண்டு ஃபைபர் படகுகள் இருந்தன. இரண்டுக்கும் பின்னால் மாட்டுகிற இன்ஜின். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். வெள்ளை ஒடுக்கமானது, லேசானது, குறுக்கே இரண்டு பலகைகள்தான் இருக்கை. சின்ன இன்ஜின், பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கும். நீலம் அகலமானது, பக்கங்கள் உயரம், நடுவில் வீட்டுக் கூடம் மாதிரி தட்டையான தரை. பெரிய இன்ஜின். அதைக் கட்டி மேய்ப்பது ஒரு யானையைக் கட்டி மேய்ப்பதற்குச் சமம் என்று எனக்குப் பார்த்ததும் தோன்றியது.

நான் வெள்ளைப் படகின் பக்கம் நின்றேன். காரணம் சிக்கனம். இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நாற்காலியின் அகலத்தை நான் முன்னாலேயே டேப் வைத்து அளந்திருந்தேன் என்பது உண்மை. வெள்ளைப் படகின் உள்ளகலத்தையும் அளந்தேன் என்பதும் உண்மை. நாற்காலியின் கைகள் படகின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும், கீழே இறங்காது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆனால் அளப்பது என் தொழில். எதைப் பார்த்தாலும் அளப்பேன். பக்கத்து வீட்டு நாயைக்கூட அளந்திருக்கிறேன்.

அத்தையைக் காரில் அழைத்து வந்தார்கள். படகு தனக்காகத்தானே வாங்கப்படுகிறது, தானே பார்த்துச் சொல்வதாக அவர் பிடிவாதம். காரின் தலையில் நாற்காலி. வளைவுகளைத் தாண்டி வந்து சேர்ந்தபோது அவர் முகம் வெளிறி இருந்தது. என்னைப் பார்த்ததும், "தராசுக்காரர் எளைச்சுட்டாரே" என்றார். நான் இளைக்கவில்லை. என் எடையை நான் அறியாதவனா.

இரண்டு படகையும் ஒரே பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற யோசனை என் மைத்துனனுடையது. நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், அது என்னுடையது இல்லை.

"அத்தான், நீங்கதான் எடை ஆபீசர் ஆச்சே. உங்க கல்லை எல்லாம் கொண்டாங்க. ரெண்டுலயும் சமமா ஏத்திப் பாத்துடுவோம். அப்புறம் எனக்குத் தெரியாது உனக்குத் தெரியாதுன்னு யாரும் பேசக் கூடாது."

அலுவலகக் கற்களைப் படகுத்துறைக்குக் கொண்டுபோனது விதிமீறல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேர்மைக்காக மீறிய விதி. எல்லார் கண்ணெதிரிலும் நானே கற்களை இரண்டு படகுக்கும் சமமாக எண்ணி வைத்தேன். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி.

வண்டியில் இன்னொரு பெட்டி கற்கள் இருந்தன. அவற்றை நான் காலையிலேயே வந்து நீலப் படகின் தரைப்பலகைக்குக் கீழே அடுக்கியிருந்தேன்.

கொஞ்சம் பொறுங்கள். எழுதுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேளுங்கள். இது ஏமாற்று இல்லை. நீலப் படகு மந்தமானது என்பது என் கருத்து. ஒரு பெரிய கும்பலும் சாமானும் ஏறினால் அது எப்படிப் போகுமோ, அந்த உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டியே வெளியே கொண்டுவந்தேன். கற்களில் ஒரு கிராம் பொய் இல்லை. போன மாதம்தான் சரிபார்த்தேன்.

நினைத்தது போலவே நீலம் தவழ்ந்தது. வெள்ளை பறந்தது. ஏரிக்குள் அடையாளத்துக்குக் கட்டியிருந்த மிதவை வரை போய்த் திரும்பி வருவதற்குள் நீலத்துக்கு மூச்சு வாங்கிவிட்டது. நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை என்று நினைத்தேன். அப்போது அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து, மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் இறங்கி, வெள்ளைப் படகுக்குள் ஒரு காலை வைத்தார். அது தொட்டில் மாதிரி ஆடியது. காலை எடுத்துவிட்டார். அடுத்து நீலப் படகில் வைத்தார். அது அசையவில்லை. இரண்டு காலையும் வைத்தார். அப்போதும் அசையவில்லை. அசையாதே, ஐயா. அதன் வயிற்றில் நம் அலுவலகம் முழுவதும் இருந்தது.

"வீட்டுத் தரை மாதிரி இருக்குடா. இதுவே போதும்" என்றார்.

"ரொம்ப மெதுவா போகுதே அத்தை" என்றேன்.

"அம்மா என்ன ரேஸுக்கா போறாங்க அத்தான்" என்றான் மைத்துனன். உடனே மேலே போய் நாற்காலியைத் தூக்கி வந்து நீலப் படகின் நடுவில் வைத்தான். அது சொல்லிவைத்துச் செய்தது போல உட்கார்ந்தது. என் மனைவி கை தட்டினாள். எனக்குச் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போல இருந்தது. காசு அலுவலகத்துடையதுதான், இருந்தாலும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வராமல் இல்லை. நன்றாகவே தூங்கினேன். காலையில் காப்பி குடிக்கும்போது, வெள்ளைக்கு இன்னொரு வாய்ப்புத் தராமல் முடிவு செய்வது நியாயம் இல்லை என்று பொதுவாகச் சொன்னேன். வாங்கப்போகிற பொருளை இரண்டு முறை எடை போட்டுப் பார்ப்பதில் என்ன தப்பு என்றேன். என் பேச்சில் எப்போதுமே ஒரு நியாயம் இருக்கும். என் மனைவிக்கு அது தெரியும். "அவர் சொல்றதும் சரிதாம்மா" என்றாள். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, பாத்துடுவோம். இந்தத் தடவை கல்லு கில்லு வேண்டாம், நானே உக்காந்து போறேன்" என்றார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணயர்ந்தார்கள். பட்டறைக்காரரும் சாப்பிடப் போயிருந்தார். நான் கற்களைத் திருப்பி எடுத்து வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். திருப்பி எடுக்கத்தான் செய்தேன். நீலப் படகிலிருந்து எடுத்து வெள்ளைப் படகில் வைத்தேன். நேற்று நான் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: கல் நிறைய இருக்கிற படகு ஆடாது. ஆடாத படகு அத்தைக்குப் பிடிக்கும். வெள்ளைப் படகு பிடித்துவிட்டால் நாற்காலி அக்கரையில் இருக்கும். நாற்காலி அக்கரையில் இருந்தால், பெட்ரோல் மிச்சம்.

வெள்ளைப் படகில் தரைப்பலகை கிடையாது. கடைசி இருக்கைக்குக் கீழே, இன்ஜினை ஒட்டி, மூடி போட்ட பெட்டி ஒன்றுதான் இருந்தது. எல்லாக் கற்களையும் அதில் அடுக்கி மூடினேன்.

ஐயா, நீங்களும் இந்தத் தொழிலில் இருந்து மேலே போனவர். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைத் தராசில் கல்லைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஒன்றுதான், ஓரத்தில் வைத்தாலும் ஒன்றுதான். நல்ல தராசுக்கு அதுவே அடையாளம். மூலைக்கு மூலை கல்லை மாற்றி மாற்றி வைத்து, முள் நகராமல் இருந்தால்தான் நாம் முத்திரை போடுகிறோம். இத்தனை வருடமாக நான் நம்பியிருந்தது அதைத்தான். படகு தராசு இல்லை, அதில் கல் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு விஷயம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டறைக்காரர் சொல்லியிருக்கலாம். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

சாயங்காலம் அத்தைக்கு லைஃப் ஜாக்கெட்டை நானே மாட்டி, வார்களை இழுத்துக் கட்டிவிட்டேன். இதைத் தயவுசெய்து விட்டுவிடாமல் எழுதுங்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் வாரை இழுத்துக் கட்டுவானா. அத்தை ஒரு காலை வெள்ளைப் படகில் வைத்தார். ஆடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டார்.

"நேத்து அந்த ஆட்டம் ஆடுச்சு. இன்னைக்கு என்ன இவ்வளவு அடக்கம்?"

"பழகிடுச்சு போல அத்தை" என்றேன்.

பின்பலகையில் இரண்டு தலையணை போட்டு உட்காரவைத்தோம். மைத்துனன் அவருக்குப் பக்கத்தில் இன்ஜினைப் பிடித்துக்கொண்டான். நானும் என் மனைவியும் துறையில் நின்றோம். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. ஓடுகிற படகு மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் ஓடும் என்பார்கள். இது கொஞ்சம் அதிகமாகத் தூக்கிக்கொண்டு, வானத்தில் எதையோ தேடுவது போலப் போயிற்று. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பக்கவாட்டில் தெரிந்தது. பின்பக்கத்தில் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. தூரத்தில் இருந்தாலும் எனக்குக் கண் அளவு தப்பாது.

"என்னங்க," என்றாள் என் மனைவி. "பின்னாடி ரொம்பத் தாழ்ந்து போற மாதிரி இல்ல?"

அவளுக்கு அளவில் எப்போது சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பாள். கடையில் வாங்கிய சர்க்கரையைக்கூட என் கையில் கொடுத்து, சரியா இருக்கா என்று கேட்பாள். நான் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்வேன். அதற்கு மேல் அவள் யாரையும் கேட்டதில்லை. துறையில் எச்சரிக்கை மணி ஒன்று தொங்கியது. அதை அடித்தால் மைத்துனன் மெதுவாக ஓட்டியிருப்பான். பட்டறைக்காரர் நீலப் படகை எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் மணி அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். படகு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அத்தை கையை ஆட்டினார், அவருக்குப் பிடித்திருந்தது.

"தூரத்துல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சிரித்த முகத்தோடு அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

என் மைத்துனன் நல்ல பையன். ஆனால் பல் பிடுங்குகிறவன், எதையும் வெடுக்கென்று செய்துதான் பழக்கம். துறைக்குப் பக்கத்தில் வந்ததும் கைப்பிடியைத் திருகி இன்ஜினை ஒரேயடியாகக் குறைத்தான். படகு நின்றது. படகின் பின்னாலேயே வந்த அலை நிற்கவில்லை. அது படகின் பின்விளிம்பைத் தாண்டி, அவசரமே இல்லாமல், அழைத்த விருந்தாளி போல உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. ஃபைபர் படகு மூழ்காது, அதன் வயிற்றில் மிதக்கிற நுரைக் கட்டியை வைத்திருக்கிறார்கள் என்று பட்டறைக்காரர் சத்தியம் செய்திருந்தார். அது வெறும் படகுக்கு. பின்பக்கம் முதலில் உட்கார்ந்தது, முன்பக்கம் யோசித்துவிட்டு உட்கார்ந்தது. நல்ல வேளையாக அந்த இடத்தில் ஆழம் இடுப்பளவுதான். அத்தை எழுந்திருக்கவே இல்லை. பலகையில் உட்கார்ந்தபடியே, மார்பளவு தண்ணீரில், தலையணைகள் இரண்டும் தன்னைவிட்டு மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி அப்படியே குதித்துவிட்டாள். நானும் இறங்கினேன். செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தை அதன்மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

மைத்துனன் நடுங்கிக்கொண்டிருந்தான். "நான்தான் அத்தான், நான்தான் சட்டுன்னு நிறுத்திட்டேன். அம்மாவைக் கொன்னிருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். யாருக்கும் நடக்கிற தவறுதான் என்று சொன்னேன். ஒரு வாரம் அவன் கிளினிக்கைத் திறக்கவில்லை. கை நடுங்குகிறது என்றான். அந்த ஒரு வாரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அது தோன்றாமல் இல்லை.

தண்ணீரில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மனைவியும் அவள் தம்பியும் படகை அந்தப் பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் அத்தையைத் தூக்கிவிடக் கையை நீட்டினேன். அவர் கையைக் கொடுக்கவில்லை. இருக்கைக்குக் கீழே பெட்டியின் மூடி திறந்துகொண்டிருந்தது; அவர் குனிந்து தண்ணீருக்குள் துழாவினார். முதலில் விரலால் தடவிப் பார்த்தார். காலமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தவருடைய கை அது. பிறகு இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீருக்கு மேலே, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நம் அலுவலகச் சின்னத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாப்பிள்ளை," என்றார்.

ஐயா, நான் பொய் சொல்லவில்லை. அந்த நிலையிலும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை வருடமாகக் காத்திருந்த சொல். நான் "என்ன அத்தை" என்று கேட்டேன்.

"நான் வெச்சது மெழுகு மாப்பிள்ளை. நீங்க வெச்சது இரும்பு."

அவ்வளவுதான் சொன்னார். கரையில் கொடுத்த துண்டில் அந்தக் கல்லைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மகன் அழுதபோது, "உன் மேல தப்பு இல்லடா, படகுதான் கொஞ்சம் கனமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் பட்டறைக்காரர் வெள்ளைப் படகைக் கரையேற்றினார். பெட்டியைத் திறந்து பார்த்து, கற்களைத் தள்ளுவண்டியில் போட்டு, நேராக நம் அலுவலகத்து வாசலில் கொண்டுவந்து இறக்கினார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வீட்டிலும் தெரிந்துவிட்டது. மைத்துனனுக்குக் கை நடுக்கம் அன்றே நின்றது. இப்போது என்னோடு பேசுவதில்லை. போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது, வந்து நாற்காலியில் படுக்கச் சொல்லி ஆள் அனுப்பினான். நான் போகவில்லை.

என் மனைவி சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவள் ஒன்றே ஒன்று செய்தாள். கடைக்குப் போய் சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கி வந்தாள். சர்க்கரையோ பருப்போ, அதில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். என்னைக் கேட்பதில்லை. அந்தத் தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. நான் சொல்லவில்லை. அவள் அதைத்தான் நம்புகிறாள். இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது என்றால் அது அந்தத் தராசு ஒன்றுதான்.

மூழ்கவைத்தவர்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பட்டறைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே கடைசியில் நான் ஆரம்பத்திலிருந்தே சொன்ன வெள்ளைப் படகைத்தான் வாங்கினோம். இன்ஜின் வீணாகிவிட்டது. படகு என் வீட்டு முற்றத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மதியத்தில் நல்ல நிழல் தருகிறது. அந்த நிழலில் நாற்காலியைப் போட்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார்.

ஆமாம், என் வீட்டில்தான். இனிமேல் எந்தப் படகிலும் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீலப் படகில்கூட. காரில் வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. அக்கரைக்கு மூன்றாவது வழி இல்லை. வாரத்துக்கு நாலு நாள் என்றுதான் முதலில் பேச்சு. இப்போது ஏழு நாளும் இங்கேதான்.

நீங்கள் கேட்ட, கணக்கில் குறைகிற அந்த ஒரு கல் அவர் மடியில் இருக்கிறது. பகலெல்லாம் மடியில், படுக்கும்போது தலைமாட்டில். "மாப்பிள்ளை, வெந்நீர்" என்பார். "மாப்பிள்ளை, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்பார். சொல்லிவிட்டுக் கல்லை விரலால் மெல்லத் தட்டுவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை மாப்பிள்ளை என்கிறார் என்பதை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கற்களை வைத்தது நான்தான். இரண்டு படகிலும் நான்தான். மணியை அடிக்காததும் நான்தான். எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை போனால் போகட்டும். ஆனால் அத்தைமேல் எனக்கு வருத்தம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு துளிகூட இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் செய்ததெல்லாம் சிக்கனத்துக்காக.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கல் அரசாங்கச் சொத்து. அதை ஒரு தனிப்பட்டவர் வீட்டில் விட்டுவைப்பது முறை இல்லை. நீங்களே நேரில் வந்து பறிமுதல் செய்ய வேண்டும். கேட்டால் கொடுக்க மாட்டார். பிடுங்கினால் வயதானவர், கீழே விழுந்துவிடுவார். ஆகவே கல்லை வைத்திருப்பவரோடு சேர்த்து எடுத்துப் போவதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு. வளைவுகளில் டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், அவருக்கு வாந்தி வரும். வண்டி மட்டும் கொஞ்சம் பெரியதாகப் பார்த்து எடுத்து வாருங்கள். நாற்காலியின் அகலத்தை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.